ஜப்பான் இறங்காத இலங்கை

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். மார்ச் 23-ல் அந்தமான். வரைபடத்தில் இந்த மூன்று இடங்களையும் தொட்டுக்கொண்டு மேற்கே வந்தால் அடுத்து விரல் போய் நிற்பது இலங்கையில். கொழும்பில் இருந்த ஆங்கிலத் தளபதிகளும், லண்டனில் இருந்த சர்ச்சிலும், சென்னையில் மூட்டைமுடிச்சுகளோடு ரயிலடிக்கு ஓடிய குடும்பங்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள்.

அந்தப் படையெடுப்பு நடக்கவே இல்லை. குண்டுகள் விழுந்தன, கப்பல்கள் மூழ்கின, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஆனால் ஒரு ஜப்பானியப் படைப்பிரிவுகூட இலங்கைக் கரையில் இறங்கவில்லை. ஆங்கிலேயர் அடித்து விரட்டினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. கொழும்பின்மேல் முதல் குண்டு விழுவதற்குப் பல நாட்கள் முன்னமே, இலங்கையைப் பிடிக்கும் யோசனையை ஜப்பான் ஒதுக்கி வைத்துவிட்டது. அது தீவில் இருந்த எவருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் அவர்கள் செய்த ஏற்பாடுகளும், அந்த ஏற்பாடுகளால் இலங்கையில் உண்டான மாற்றங்களும் போரோடு முடிந்துவிடவில்லை. அதனால்தான் இந்த நடக்காத படையெடுப்பை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இலங்கை எதற்காக வேண்டும்?

திருகோணமலை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பெரிய கடற்படை ஒன்று அப்படியே உள்ளே போய் நிற்கலாம். பக்கத்திலேயே சீனன்குடாவில் ஆங்கிலேயர் போருக்கு முன்பே பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கொழும்போ வணிகக் கப்பல்கள் நிலக்கரியும் தண்ணீரும் பிடித்துக்கொண்டு போகும் நாற்சந்தி. சிங்கப்பூர் போன பிறகு, இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஆங்கிலேயரிடம் மிஞ்சிய பெரிய துறைமுகங்கள் இவைதான்.

இந்தத் தீவு எதிரியின் கைக்குப் போனால் என்ன ஆகும்? இந்தியாவுக்குப் போகும் படைகளும் தளவாடங்களும் இந்தக் கடலில்தான் வந்தன. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமெல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த படைக்கான சரக்கு, மத்தியதரைக் கடல் பாதுகாப்பில்லாததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தக் கடலின் மேற்கு ஓரமாகப் போனது. ஈரானின் அபாதான் எண்ணெயும் இதே கடலில்தான் பயணப்பட்டது. திருகோணமலையிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிகளும் விமானங்களும் கிளம்பினால் இந்த மூன்று வழிகளுக்கும் ஆபத்து. ரப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் போனதோடு நேசநாடுகள் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்திருந்தன. மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி இலங்கைத் தோட்டங்களில் விளைந்தது. டயர் இல்லாமல் லாரியும் ஓடாது, விமானமும் தரையிறங்காது.

டோக்கியோவில் நடந்த இழுபறி

ஜப்பானியக் கடற்படைக்கு இந்த ஆசை இருந்தது உண்மை. 1942 ஜனவரியில், எதிர்பார்த்ததைவிட வேகமாக வெற்றிகள் குவிந்துகொண்டிருந்தபோது, அட்மிரல் யமமோட்டோவின் தலைமை அதிகாரி உகாகி மட்டோமெ அடுத்து எங்கே போவது என்று தன் ஆட்களை யோசிக்கச் சொன்னார். ஹவாய், ஆஸ்திரேலியா, இலங்கை என்று மூன்று திசைகள். இலங்கைத் திட்டத்துக்கு ஒரு தனிக் கவர்ச்சி இருந்தது. ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் அந்த ஜனவரியில் செய்துகொண்ட ராணுவ ஒப்பந்தம், 70 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை எல்லையாக வைத்து உலகைப் பிரித்திருந்தது. இலங்கை ஜப்பானின் பக்கத்தில் வந்தது. ஜப்பான் இலங்கையைப் பிடித்து மேற்கே நகர, ஜெர்மனி எகிப்தைக் கடந்து கிழக்கே வர, இரண்டும் நடுவில் கைகோர்க்கலாம் என்பது கனவு. பிப்ரவரி இறுதி வாக்கில் யமாட்டோ என்ற மாபெரும் போர்க்கப்பலில் அதிகாரிகள் கூடி, மேசைமேல் இந்தப் போரை ஆடியே பார்த்தார்கள்.

தரைப்படை மறுத்துவிட்டது. இரண்டு டிவிஷன் கொடுங்கள் என்று கடற்படை கேட்டது. கொடுக்க முடியாது என்று பதில் வந்தது.

தரைப்படையின் மறுப்பைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அதன் பெரும்பகுதி சீனாவில் சிக்கிக் கிடந்தது. இன்னொரு பெரிய பங்கு மஞ்சூரியாவில் சோவியத்தைப் பார்த்தபடி காவல் நின்றது. பிலிப்பைன்ஸ், மலாயா, பர்மா, ஜாவா என்று தெற்குப் போர் முழுவதையும் அவர்கள் வெறும் 11 டிவிஷன்களை வைத்துத்தான் நடத்தினார்கள். பர்மாவிலேயே வேலை முடியவில்லை. இந்த நேரத்தில் கடல் நடுவில் உள்ள தீவுக்கு இரண்டு டிவிஷனை அனுப்பினால், நாளை அவற்றுக்குச் சோறு போடவும் ரவை கொடுக்கவும் கப்பல் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். பிடித்த நாடுகளிலிருந்து எண்ணெயும் தாதுவும் ஜப்பானுக்குக் கொண்டுபோகவே கப்பல் போதாமல் இருந்த காலம் அது.

நான் படித்தவரை, இலங்கை தப்பியதன் முதல் காரணம் இந்தக் கப்பல் கணக்குதான். ஒரு தீவில் இறங்குவது ஒருநாள் வேலை. இறங்கியவனை அங்கே வைத்திருப்பது மாதக் கணக்கான வேலை. இறங்கும் நாளில் தலைக்குமேல் விமானப் பாதுகாப்பு வேண்டும். மலாயாவில் அது பக்கத்து நிலத்தளங்களிலிருந்து கிடைத்தது. இலங்கைக்கு அப்படி எட்டக்கூடிய தளம் ஜப்பானிடம் இல்லை. விமானந்தாங்கிக் கப்பல்கள் மட்டுமே துணை. அந்தக் கப்பல்கள் எண்ணெய் தீரும்வரை, குண்டு தீரும்வரை சில நாள் நிற்கும், பிறகு திரும்பியாக வேண்டும். அதற்குள் கரையில் இறங்கியவர்கள் ஒரு விமானத்தளத்தையும் ஒரு துறைமுகத்தையும் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கதி அதோகதி.

பருவக்காற்றும் ஒரு கெடு வைத்திருந்தது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் கொழும்புப் பக்கத்துக் கடலில் சிறு படகுகளில் ஆள் இறக்குவது நடவாத காரியம். ஆக, இறங்குவதென்றால் மார்ச், ஏப்ரல், மே. இந்த மூன்று மாதத்துக்குள் படை திரட்டி, கப்பல் சேர்த்து, வந்து சேர வேண்டும். மார்ச்சின் முற்பகுதியிலேயே ஜப்பான் தன் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டது: படையெடுப்பு வேண்டாம், ஒரு பெரிய தாக்குதல் போதும். இலங்கைத் துறைமுகங்களில் ஆங்கிலக் கடற்படை நின்றுகொண்டிருக்கும்போது போய் அடிப்பது, முடிந்தால் ஒழிப்பது, பர்மாவுக்குப் போகும் தங்கள் கப்பல்களுக்குத் தொல்லை வராமல் செய்வது. அவ்வளவே.

தீவு தயாராகிறது

இந்தச் சுருக்கம் கொழும்புக்குத் தெரியாது. ஏறக்குறைய அதே நாட்களில், மார்ச் 5-ல், அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். கடற்படை, தரைப்படை, விமானப்படை எல்லாம் அவர் கீழ். ஆளுநர் ஆண்ட்ரூ கால்டெகாட்டும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். சிங்கப்பூரில் ஆட்சியாளர் ஒருபுறமும் படைத்தளபதிகள் ஒருபுறமும் இழுத்ததில் நேரம் வீணானது. அதைப் பார்த்துச் சுட்டுக்கொண்ட லண்டன், இலங்கையில் ஒரே கையில் எல்லாவற்றையும் கொடுத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கைக்கு 1931 முதலே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையும், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்க சபையும் இருந்தன; உள்நாட்டு அமைச்சர்களும் இருந்தார்கள். லேட்டன் அவர்களைக் கலைத்துவிட்டு ராணுவ ஆட்சி நடத்தவில்லை. போர்ச் சபை ஒன்றை வைத்து அமைச்சர்களையும் அதில் உட்கார வைத்தார். விமானத் தாக்குதல் எச்சரிக்கை, இருட்டடிப்பு, பதுங்குகுழி, உணவு என்று மக்கள் பாதுகாப்பு முழுவதையும் ஆலிவர் குணதிலக்க என்ற இலங்கையர் பார்த்தார். பின்னாளில் இலங்கையின் மகாதேசாதிபதி ஆனவர் இவர். தங்கள் நாட்டை நெருக்கடியில் தாங்களே நடத்த முடியும் என்று இலங்கையர் காட்டியது இந்த மாதங்களில்தான்.

படைகள் கிடைத்தது ஒரு சண்டைக்குப் பிறகு. மத்தியக் கிழக்கிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படைகளைப் பர்மாவுக்குத் திருப்பச் சர்ச்சில் முயன்றார். ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் மறுத்தார். கடைசியில் இரண்டு ஆஸ்திரேலியப் பிரிகேடுகளைக் கொஞ்சகாலம் இலங்கையில் நிறுத்தச் சம்மதித்தார். அவற்றோடு இந்தியாவின் 34-வது டிவிஷன், ஒரு பிரிட்டிஷ் பிரிகேட், கிழக்கு ஆப்பிரிக்காவின் 21-வது பிரிகேட், உள்ளூர் இலங்கைப் படைகள். வெவ்வேறு கண்டங்களின் ஆட்கள் ஒரு சிறு தீவின் தென்னந்தோப்புகளில் குழி வெட்டிக்கொண்டு, வராத ஒருவனுக்காகக் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். காக்க வேண்டிய இரண்டு துறைமுகங்களும் தீவின் எதிரெதிர்க் கரைகளில். ஒன்றுக்கு உதவப் படை போகவேண்டுமென்றால் காட்டு வழியாகத் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும். அதனால் படையைப் பிரித்துத்தான் வைக்க முடிந்தது.

விமானங்களின் நிலை இன்னும் மோசம். 1941 டிசம்பரில் நவீனச் சண்டை விமானம் என்று சொல்லத் தக்கது ஒன்றுகூடத் தீவில் இல்லை. மார்ச் தொடக்கத்தில் இண்டாமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஹரிக்கேன் விமானங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஏப்ரல் தொடங்கும்போது அறுபதுக்கு மேல் ஹரிக்கேன்கள். நிறுத்தவும் ஓடவும் இடம் வேண்டுமே? இரத்மலானையில் ஒரு தளம் இருந்தது. எதிரிக்கும் அது தெரியும். அதனால் கொழும்பு நகரத்துக்குள், கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலிலேயே ஓடுபாதை போட்டார்கள். ஜப்பானியர் கடைசிவரை அதைப் பற்றி அறிந்திருக்கவில்லை.

தெற்கே கொக்கலையில் ஏரியைக் கடல் விமானத்தளம் ஆக்கினார்கள். கரையோரக் கிராம மக்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வீடுகளைவிட்டு வெளியேற்றினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக ஊர் அது. அவருடைய வீடு மட்டும் எப்படியோ தப்பித்து இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. சுற்றியிருந்த ஊர் போனது போனதுதான். படையெடுப்பு வராவிட்டாலும் படையெடுப்பின் பெயரால் வீடிழந்தவர்கள் இவர்கள். போர் வரலாறுகளில் கொக்கலைத் தளத்துக்கு எத்தனையோ பக்கங்கள் உண்டு. அங்கிருந்து கிளப்பப்பட்டவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

ஜப்பானியர் அறியாத இன்னொரு இடமும் இருந்தது. மாலத்தீவின் தென்கோடியில் அட்டு பவளத்தீவு. அங்கே ஆங்கிலேயர் ரகசியமாக ஒரு கப்பல் தங்குமிடத்தை அமைத்து, அதற்குத் 'துறைமுகம் டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த ஒரு ரகசியம்தான் அந்த ஏப்ரலில் ஆங்கிலக் கடற்படையைக் காப்பாற்றியது.

ஏப்ரலின் ஐந்து நாட்கள்

சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இடம் மாறியிருந்த சங்கேதப் பிரிவு ஜப்பானியச் செய்திகளை அரைகுறையாகப் படித்து, ஏப்ரல் 1 வாக்கில் இலங்கைமேல் தாக்குதல் வரும் என்று சொன்னது. கிழக்குக் கடற்படைக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருந்த அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில் தன் கப்பல்களைத் தென்கடலில் நிறுத்திக் காத்திருந்தார். பார்வைக்குப் பெரிய படைதான்: ஐந்து போர்க்கப்பல்கள், மூன்று விமானந்தாங்கிகள். ஆனால் போர்க்கப்பல்களில் நான்கு முதல் உலகப்போர்க் காலத்துக் கிழங்கள். மெதுவாகப் போகும், குடிதண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு நாள், மூன்று இரவு யாரும் வரவில்லை. தகவல் தப்பு என்று நினைத்து, தண்ணீரும் எண்ணெயும் பிடிக்க அவர் அட்டுவுக்குப் போனார். டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற சிறிய விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். அந்தப் பிரிவுதான் பின்னால் பெரிய விலை கேட்டது.

தகவல் தப்பில்லை, நாள்தான் தள்ளிப்போயிருந்தது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோ, ஐந்து விமானந்தாங்கிகளோடு மார்ச் 26-ல் செலிபிஸ் தீவிலிருந்து கிளம்பியிருந்தார்.

ஏப்ரல் 4 பிற்பகல். கொக்கலையிலிருந்து போன ஒரு கேட்டலீனா கடல் விமானம் ரோந்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஓட்டியவர் கனடாவின் லெனர்ட் பர்ச்சால். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெற்கே தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் போனார். ஜப்பானியக் கடற்படையே அங்கே நின்றது. ஸீரோ விமானங்கள் பாய்ந்து சுடத் தொடங்கிய நேரத்தில் அவருடைய ஆட்கள் எதிரியின் இடத்தையும் திசையையும் வானொலியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள்; மற்ற ஆறு பேரும் போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகள். அந்தச் செய்தியில் பாதி வந்து சேர்ந்ததே கொழும்புக்குப் போதுமானதாக இருந்தது. இரவோடு இரவாக வணிகக் கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுக் கலைந்தன.

மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணிக்குமேல், சுமார் 125 விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. தலைமை, பேர்ல் துறைமுகத் தாக்குதலையும் முன்னின்று நடத்திய ஃபுச்சிடா. வருவது தெரிந்திருந்தும் கடைசி நேரத்து எச்சரிக்கை தவறிவிட்டது. இரத்மலானையில் ஹரிக்கேன்கள் இன்னும் தரையில் நின்றுகொண்டிருந்தன. குண்டு விழ விழத்தான் அவை எழும்பின. பந்தயத் திடலிலிருந்து எழுந்தவற்றுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஆங்கிலேயர் 25-க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள். ஜப்பானியர் இழப்பு அதில் ஒரு சிறு பங்கு. துறைமுகத்தில் இரண்டு போர்க்கலங்கள் மூழ்கின. ஊருக்குள்ளும் குண்டு விழுந்து பொதுமக்கள் இறந்தார்கள். ஆனால் ஃபுச்சிடா தேடி வந்த கடற்படை அங்கே இல்லை.

இரண்டு குரூசர்களும் முந்தைய இரவே கொழும்பைவிட்டு சொமர்விலை நோக்கிப் புறப்பட்டிருந்தன. நண்பகலுக்குமேல் அவற்றை ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்தன. இருபது நிமிடத்தில் இரண்டும் கடலுக்குள். 424 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எண்ணெய் மிதக்கும் கடலில், வெயிலிலும் இரவிலும் ஏறத்தாழ 30 மணி நேரம் தத்தளித்த பிறகே மீட்கப்பட்டார்கள். ஓராண்டுக்கு முன் ஜெர்மனியின் பிஸ்மார்க்கை டார்பிடோவால் முடித்த கப்பல் டோர்செட்ஷயர்.

அன்று மாலை சொமர்வில் நகுமோவுக்கு மிக அருகில் இருந்தார். பகலில் மோதினால் தோற்போம் என்று அவருக்குத் தெரியும். ரேடார் வைத்த டார்பிடோ விமானங்களைக் கொண்டு இரவில் அடிக்கலாம் என்று தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான் என்று பின்னர் எழுதியவர்கள் பலர். நானும் அவர்கள் பக்கம். அவர் தோற்றிருந்தால் இந்தியப் பெருங்கடலில் ஆங்கிலேயருக்குக் கப்பல் என்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அப்போது ஜப்பானியத் தரைப்படையின் கணக்கும் மாறியிருக்கலாம்.

ஏப்ரல் 9-ல் திருகோணமலையின் முறை. இம்முறை எச்சரிக்கை சரியாக வந்தது; ஹெர்மிஸ் முந்தைய இரவே தெற்கே போய்விட்டது. ஆனால் அதை ஒரு ஜப்பானிய உளவு விமானம் பார்த்துவிட்டது. மட்டக்களப்புக்கு நேரே கடலில் அதைச் சூழ்ந்து அடித்தார்கள். விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதன் தளத்தில் காக்க ஒரு விமானம்கூட இல்லை. சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் போனார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் ஏறத்தாழ 600 பேர் பிழைத்தார்கள். இன்று மட்டக்களப்புக் கடலில் அந்தக் கப்பலைப் பார்க்க முக்குளிப்பவர்கள் வருகிறார்கள்.

அத்தோடு நகுமோ திரும்பிவிட்டார். இரண்டு நாள் வந்து அடித்தவர்கள் மூன்றாம் நாள் இறங்குவார்கள் என்று தீவு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடலில் ஆள் ஏற்றிய கப்பல் ஒன்றுகூட இல்லை.

கரைக்கு இந்தப் பக்கம்

இதே வாரத்தில் இன்னொரு ஜப்பானியப் பிரிவு வங்கக் கடலில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நடுங்கியது. அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று அரசு சொல்ல, ஊரே கிளம்பியது. சென்னைக்காரர்கள் நெடுங்காலம் 'எவாக்குவேஷன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக்கொன்றார்கள். சென்னையில் இறங்க ஜப்பானிடம் எந்தப் படையும் தயாராக இல்லை. அதைச் சென்னைக்கு யார் சொல்ல முடியும்?

இந்தப் பயத்தைப் பின்னாளிலிருந்து பார்த்துக் குறைசொல்வது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தற்காக்கிறவனுக்கு எதிரியின் கையில் இருக்கும் கப்பல் தெரியும், விமானம் தெரியும். அவன் மனத்தில் இருப்பது தெரியாது. மலாயாவில் இறங்கமாட்டான் என்று நம்பியவர்கள் கைதிகளானார்கள். நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளை அந்த வாரம் தடுக்க இந்தியப் பெருங்கடலில் யாராலும் முடியாது என்பதும் உண்மை. சொமர்வில் தன் மெதுவான கப்பல்களை ஆப்பிரிக்கக் கரையில் உள்ள கிலிண்டினிக்கு அனுப்பிவிட்டார். இலங்கைக்கும் இந்தியாவின் கிழக்குக் கரைக்கும் கடல் காவல் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இலங்கையை நோக்கி அந்தக் கடற்படை வந்த வேளைதான் போரின் மிக ஆபத்தான கணம் என்று சர்ச்சில் போருக்குப் பிறகு வாஷிங்டன் விருந்து ஒன்றில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

ஆபத்து நீங்கியது இலங்கையிலிருந்து வெகுதொலைவில். ஜூன் 4-ல் மிட்வே தீவருகே அமெரிக்கர்கள் நகுமோவின் நான்கு விமானந்தாங்கிகளை அழித்தார்கள். கொழும்பைத் தாக்கியவற்றில் அகாகி, சோரியூ, ஹிரியூ மூன்றும் அன்று ஒழிந்தன. அதற்குப் பிறகு இலங்கையைப் பிடிப்பது என்பது ஜப்பானுக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

ஜப்பான் வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும் உண்டு. மே 8 இரவு, கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையின் ஒரு பகுதி, கிராஷியன் பெர்னாண்டோ தலைமையில் கலகம் செய்தது. தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது எண்ணம். கலகம் அன்றிரவே அடக்கப்பட்டது. ஆகஸ்டில் பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் காமன்வெல்த் படைகளில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள் மூவர் மட்டுமே. கண்டிச் சிறையில் இருந்த என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன முதலிய இடதுசாரித் தலைவர்கள் தப்பித்ததும் குண்டுவீச்சு நடந்த அந்த ஏப்ரலில்தான். அவர்கள் ஜப்பானின் ஆதரவாளர்கள் அல்ல. இந்தப் போரையே ஏகாதிபத்தியங்களின் போர் என்று எதிர்த்தவர்கள். பிற்பாடு அவர்களில் சிலர் பாக்கு நீரிணையைக் கடந்து இந்தியாவுக்கு வந்து தலைமறைவாக வேலை செய்தார்கள்.

அரிசியும் ரப்பரும்

குண்டைவிட நீளமாக நின்றது பசி. இலங்கை தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வாங்கிச் சாப்பிட்ட நாடு. ரங்கூன் போன அன்றே அந்த வழி அடைபட்டது. இதே அடி திருவிதாங்கூருக்கும் விழுந்தது. அங்கே மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஆண்டுகளைக் கடத்தினார்கள். படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில் வங்காளக் கரையில் படகுகளைப் பறித்ததும், அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் அதன் பங்கு என்ன என்பதும் தனியாக எழுத வேண்டிய கொடுமை. இலங்கையில் 1942-ல் பங்கீட்டு முறை வந்தது. ஆளுக்கு இவ்வளவு அரிசி என்று கூப்பன் கொடுத்து, மிச்சத்துக்குக் கோதுமை மாவு. வீட்டு முற்றத்தில் கிழங்கு நடச் சொன்னார்கள்.

ரப்பர் தோட்டங்களில் வேறொரு அவசரம். ஜப்பான் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்குள் மரத்திலிருந்து எவ்வளவு பால் எடுக்க முடியுமோ எடுத்துவிட வேண்டும். வழக்கமாக ஒரு வெட்டு விழும் மரத்தில் பல வெட்டுகள் போட்டு, மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பாலை வடித்தார்கள். அந்த வெட்டை வெட்டிய கைகளில் தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் கைகள் நிறைய. 1939-லேயே இந்திய அரசு புதிய கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடுத்திருந்ததால், இருந்தவர்களே கூடுதல் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. நேசநாடுகளின் டயர் உற்பத்திக்கு அவர்கள் கொடுத்த உழைப்பை எந்த வெற்றி விழாவிலும் யாரும் சொல்லவில்லை. சுதந்திரம் வந்த 1948-லேயே கொண்டுவந்த சட்டத்தில் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தார்கள். கொழும்பைக் காக்க யார் உழைத்தார்கள் என்று பார்க்கும்போது இதை விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அமைச்சர்கள் போர்ச் சபையில் நெருக்கடியைச் சமாளித்த விதம் அரசியலில் பலன் தந்தது. 1943 மே மாதம், போருக்குப் பின் உள்நாட்டு விவகாரங்களில் முழுத் தன்னாட்சி தருவதாக லண்டன் அறிவித்தது. அடுத்த ஆண்டு சோல்பரி ஆணைக்குழு வந்தது. 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம்.

போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதைகளும் நின்றன. யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளம் ஆங்கிலேயர் அந்தப் போரின்போது அமைத்தது. வவுனியாத் தளமும் அப்படியே.

அரிசிப் பங்கீடும் போர் முடிந்ததும் நிற்கவில்லை. அரசு விலை குறைத்துக் கொடுக்கும் அரிசி ஒவ்வொரு வீட்டின் வாழ்க்கைக் கணக்கிலும் இடம்பிடித்துவிட்டது. எந்த அரசாலும் அதில் கைவைக்க முடியாத நிலை. 1953-ல் டட்லி சேனநாயக்க அரசு கைவைத்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12-ல் நாடு முழுவதும் ஹர்த்தால். அதை முன்னின்று நடத்தியவர்களில் 1942-ல் கண்டிச் சிறையிலிருந்து தப்பிய இடதுசாரிகளும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார்.